பக்கத்துத் தாளில் எழுதிய பச்சையம்மா

கணக்கை முடித்ததும் பச்சையம்மா கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். பென்சிலைக் காதில் செருகினாள். எழுந்து நேராக நடந்துபோய், ஜரினாவுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். ஜரினாவின் தாளைத் தன் பக்கம் கொஞ்சம் இழுத்து, அதில் இருந்த கடைசிக் கணக்கைப் போட ஆரம்பித்தாள்.

இவ்வளவும் பரீட்சை நடத்த வந்த இரண்டு பேரின் கண் முன்னால் நடந்தது.

ஒளிவு மறைவு எதுவும் இல்லை. அவள் சுற்றும் முற்றும் பார்க்கவில்லை, குரலைத் தாழ்த்தவும் இல்லை. ஜரினாவிடம் உருதுவில் என்னமோ கேட்டாள். ஜரினா உருதுவிலேயே பதில் சொன்னாள். பிறகு ஒரே தாளில் மேலே ஒரு பென்சிலும் கீழே ஒரு பென்சிலும் ஓடின.

தகரக் கூரை வெயிலுக்குப் படபடவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. வெளியே பாயில் காய்ந்துகொண்டிருந்த புளியின் வாசனையும், சைக்ளோஸ்டைல் தாளின் மை வாசனையும் கலந்து வந்தன. அந்த இரண்டு வாசனையும் சேர்ந்து வந்தால் இன்றைக்கும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

“ஏய்! எந்திரி!” என்று அவர்களில் ஒருவர் சத்தம் போட்டார். பச்சையம்மா நிமிர்ந்து பார்த்தாள். தன்னைத்தான் சொல்கிறார் என்று அவளுக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது.

அன்றைக்கு எது பறிபோக இருந்தது

எழுபதுகளின் கடைசி. ஜவ்வாது மலையில் ஓர் ஓராசிரியர் பள்ளியில் நான் டீச்சர். ஐந்து வகுப்பு, ஒரே அறை, ஒரே ஆள். அமிர்தியில் பஸ்ஸை விட்டு இறங்கி நான் மலையேறிய கதையை இந்தத் தொடரில் முன்பே அழுது தீர்த்துவிட்டேன், திரும்பவும் வேண்டாம்.

மலையில் எங்கள் பக்கத்தில் ஆறாம் வகுப்பு கிடையாது. ஐந்து முடித்தவர்களுக்குப் படிப்பு முடிந்தது. மேலே படிக்க வேண்டுமென்றால் அடிவாரத்தில் விடுதியோடு இருந்த ஒரு பெண்கள் பள்ளியில் இடம் கிடைக்க வேண்டும். அந்த ஊர்ப் பெயரை எழுதப்போவதில்லை. மலைப் பெண்களுக்கென்று சில இடங்கள் வைத்திருந்தார்கள். அதற்குத்தான் அந்தப் பரீட்சை.

பச்சையம்மாவின் அம்மா முனியம்மா அதற்கு முந்தின வாரம் என்னிடம் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

“இது ஒண்ணாவது கீழ போய் படிக்கட்டும் டீச்சர். எடம் கெடச்சா நா அனுப்பறேன். கெடைக்கலைனா அவுங்க அப்பன் வூட்ல ஒக்கார வெச்சுடுவான். அப்பறம் நா ஒண்ணும் பேச முடியாது.”

ஆக, அந்த ஒரு தாள்தான். அதை வைத்துத்தான் ஒரு பெண் படிப்பாளா மாட்டாளா என்பது.

வந்த இருவரில் ஒருவர் கல்வி அதிகாரி. ஜீப்பை ரோடு முடிகிற இடத்தில் விட்டுவிட்டு ஏறி வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. இன்னொருவர் ஆராய்ச்சியாளர். மலைப் பிள்ளைகளின் மொழித் திறனைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாராம். கழுத்தில் கயிறு கட்டி ஒரு ஸ்டாப் வாட்சைத் தொங்கவிட்டிருந்தார். பரீட்சையும் ஆச்சு, ஆராய்ச்சியும் ஆச்சு என்று இரண்டையும் ஒரே நாளில் முடித்துக்கொள்வதாக அவர்களுக்குள் ஏற்பாடு. எங்கள் பிள்ளைகளை யார் கேட்டார்கள்?

கடுக்காய் மூட்டைக்குப் பின்னால் ஒரு பெண்

ஜரினா யார் என்று சொல்ல வேண்டும்.

அவள் அப்பா சத்தார் பாய் வாணியம்பாடிக்காரர். தோல் பதனிடுகிற இடங்களுக்குக் கடுக்காய் வேண்டும். அது எங்கள் மலையில் கிடைக்கிறது. அதை வாங்கி அனுப்புவதற்காக வந்தவர், கூடவே ஒரு சின்னக் கடையும் போட்டு, பெண்சாதி பிள்ளையோடு மலையிலேயே தங்கிவிட்டார். உப்பு, தீப்பெட்டி, மண்ணெண்ணெய் எல்லாம் அவரிடம்தான்.

ஜரினாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது அவளுக்குத் தமிழில் ஒரு வார்த்தையும் தெரியாது. முதல் சில மாதம் வாயே திறக்கவில்லை. நான் எதைக் கேட்டாலும் பாவாடை நாடாவைச் சுற்றிச் சுற்றி விரலில் முடிந்துகொண்டிருப்பாள்.

எனக்கு நேரம் ஏது? ஒன்றாம் வகுப்பு மணலில் எழுதும்போது நாலாம் வகுப்பு வாய்ப்பாடு கத்தும். நான் ஜரினாவைப் பச்சையம்மா பக்கத்தில் உட்கார வைத்தேன். அவ்வளவுதான் நான் செய்தது.

பச்சையம்மாவுக்கு வாய் நீளம். சாயங்காலமானால் சத்தார் பாய் கடைக்குப் போய் மூட்டை மேல் ஏறி உட்கார்ந்துகொள்வாள். இது என்ன, அது என்ன என்று ஜரினாவின் அம்மாவைக் கேட்டுக் கேட்டு உருது பேச ஆரம்பித்துவிட்டாள். அடுத்த கடுக்காய்ப் பருவம் வருவதற்குள் ஒருத்தி தமிழ் பேசினாள், இன்னொருத்தி உருது பேசினாள். சண்டை போடும்போது இரண்டும் கலந்து வரும்.

சத்தார் பாய் ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொன்னார்: “டீச்சரம்மா, எங்க வூட்ல இப்ப ரகசியம் பேச முடியல. பச்சையம்மா வந்து குந்திக்கினா எல்லாம் வெளிய போய்டுது.”

நான் பாடம் நடத்தும்போது ஜரினாவுக்குப் புரியாததைப் பச்சையம்மா அந்த இடத்திலேயே உருதுவில் சொல்லிவிடுவாள். நான் தடுத்ததில்லை. ஏன் தடுக்கவில்லை என்பதற்கு ஒரு பழைய காரணம் உண்டு.

தண்ணீர் கேட்ட கதை

நான் கண்ணமங்கலத்துக்காரி. எங்கள் வீட்டில் தெலுங்கு பேசுவோம். ஒன்றாம் வகுப்பில் எனக்குத் தாகம் எடுத்தது. “நீள்ளு காவால சார்” என்றேன். வாத்தியார் முதுகில் ஒன்று வைத்தார். “தமிழ்ல கேளு” என்றார்.

எனக்குத் தமிழில் கேட்கத் தெரிந்திருந்தால் கேட்டிருக்க மாட்டேனா? பானை எதிரிலேயே இருந்தது. மேலே அலுமினிய டம்ளர் கவிழ்த்திருந்தது. மத்தியானம் மணி அடிக்கிற வரைக்கும் அந்த டம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தமிழ் எனக்குப் பிறகு வந்துவிட்டது. இதோ, வாராவாரம் எழுதித் தள்ளுகிறேன். அந்த அடியால் வந்ததில்லை, அதை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் பானையைக் காட்டி “தண்ணி, தண்ணி” என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். அப்படித்தான் வந்தது.

அதனால்தான் என் பள்ளிக்கூடத்தில் எந்தப் பிள்ளையும் எந்தப் பேச்சிலும் எதையும் கேட்கலாம். புத்தகத் தமிழுக்கு நான் மெதுவாகக் கூட்டிக்கொண்டு போவேன். எந்த உத்தரவிலும் இது இல்லை. எந்த உத்தரவும் எங்கள் மலைக்கு நடந்து வந்ததும் இல்லை.

சாமைக் காட்டில் பார்த்தது

இன்னொன்றும் சொன்னால்தான் அந்தப் பரீட்சை அறையில் நடந்தது விளங்கும்.

நான் வேலையில் சேர்ந்த புதிதில், மழை பிடித்து சாமை முளைத்த சமயத்தில், ஒரு வாரம் பள்ளிக்கூடம் காலியாகக் கிடந்தது. கோபத்தோடு காட்டுக்குப் போனேன். பிள்ளைகள் எல்லாம் அம்மாக்களோடு களை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஒருவர் காட்டில் களை என்றால் ஊரே போய்க் கைகொடுக்கும். அடுத்த நாள் இன்னொருவர் காடு. எல்லோரும் வரிசையாக நிற்பார்கள். ஆளுக்கு ஒரு பங்கு நிலம். குனிந்து களை பிடுங்கிக்கொண்டே முன்னால் போக வேண்டும். சிலருக்குக் கை வேகம், சிலருக்கு இல்லை.

நான் பார்த்தது இதுதான். முன்னால் முடித்தவள் கரையேறிப் போய் உட்காரவில்லை. திரும்பினாள். பின்தங்கியவளுடைய பங்கின் கடைசியில் நின்றுகொண்டு, அங்கிருந்து அவளை நோக்கிக் களை எடுத்துக்கொண்டே வந்தாள். இரண்டு பேரும் நடுவில் சந்தித்தபோது அந்தப் பங்கும் முடிந்தது. பிறகு இரண்டு பேரும் சேர்ந்து அடுத்தவள் பங்குக்குப் போனார்கள்.

“இவ்ளோ வேகமா முடிச்சியே, கொஞ்சம் ஒக்காரக் கூடாதா?” என்று முனியம்மாவிடம் கேட்டேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். “இன்னா டீச்சர், பக்கத்துல ஒருத்தி குனிஞ்சுக்கினு இருக்கறப்ப நா ஒக்காந்து வேடிக்க பாக்கறதா? நல்லாவா இருக்கும்?”

கடைசி ஆள் முடிக்காமல் யாரும் நிலத்தை விட்டு வெளியே போவதில்லை. அது அங்கே சட்டமும் இல்லை, தர்மமும் இல்லை. சாப்பிட்டால் கை கழுவுவது மாதிரி ஒரு பழக்கம். நான்கு வயதுப் பிள்ளைகூட அப்படித்தான் செய்தது.

அதே பிள்ளைகள்தான் என் பள்ளிக்கூடத்திலும் இருந்தார்கள். சிலேட்டில் கணக்கு முடித்தவன் பக்கத்துச் சிலேட்டுக்குப் போவான். யாருக்கு என்ன தெரியும் என்று எனக்குத் தெரிய வேண்டுமானால் ஒவ்வொருவரையும் பக்கத்தில் கூப்பிட்டு வாயால் சொல்லச் சொல்வேன். எனக்கு அதில் ஒரு கஷ்டமும் இருக்கவில்லை.

“அவளே ஒத்துக்கிட்டா!”

இப்போது அந்த அறைக்குத் திரும்பி வருகிறேன்.

பச்சையம்மா ஏன் கடைசிக் கணக்கிலிருந்து ஆரம்பித்தாள் என்று இப்போது உங்களுக்குத் தெரியும். ஜரினா மேலிருந்து வருவாள், இவள் கீழிருந்து போவாள், நடுவில் சந்திப்பார்கள். உலகத்தில் எந்தக் காப்பி அடிப்பவன் தன் தாளை முடித்துவிட்டு அடுத்தவன் தாளில் போய்க் கடைசிக் கேள்வியை எழுதுவான்? அது வந்த இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை.

அதிகாரி இரண்டு தாளையும் பிடுங்கினார். “பட்டப்பகல்ல காப்பி! எங்க முன்னாடியே! என்னம்மா பள்ளிக்கூடம் நடத்தறீங்க?”

“சார், அவ பாத்து எழுதலை. எழுதிக் குடுக்கறா.”

“ரெண்டும் ஒண்ணுதான்.”

“ஒண்ணு இல்ல சார். அவ தாளப் பாருங்க. எப்பவோ முடிச்சுட்டா. ஒண்ணாவது தப்பா இருக்கா?”

அவர் பார்க்கவில்லை. தாளை மடித்து ஃபைலில் வைத்துக்கொண்டார்.

ஆராய்ச்சியாளர் ஸ்டாப் வாட்சை நிறுத்திவிட்டு என் பக்கம் வந்தார். அமைதியாகப் பேசினார், அதுதான் இன்னும் எரிச்சல். “மேடம், நீங்க தப்பா எடுத்துக்காதீங்க. இந்தப் பொண்ணுங்களுக்கு ரெண்டு மூணு பாஷை கலந்து போயிருக்கு. ஒரு பாஷையும் உருப்படியா நிக்கலை. அதனால தனியா சிந்திக்க வரலை. ஒருத்தர் மேல ஒருத்தர் சாயறாங்க. நான் பல இடத்துல பாத்திருக்கேன்.”

“நீங்க தமிழ்ல பேசறீங்க. ஆராய்ச்சிய எதுல எழுதுவீங்க சார்?”

“இங்கிலீஷ்ல.”

“உங்களுக்குக் கலந்து போகலையா?”

அவர் சிரித்தார். “அது வேற, மேடம்.”

அது வேற. இந்த இரண்டு வார்த்தையை என் முப்பது வருஷ வேலையில் எத்தனை பேர் வாயிலிருந்து கேட்டிருப்பேன்! பெரிய இடத்துப் பிள்ளை இரண்டு பாஷை பேசினால் அறிவு. மலைப் பிள்ளை பேசினால் குழப்பம். கடுக்காய் வியாபாரி மகள் பேசினால் தொந்தரவு. அது வேற, இது வேற.

அதிகாரி பச்சையம்மாவை முன்னால் கூப்பிட்டார். குரலைத் தணித்துக்கொண்டார்.

“இந்தா பாரு பாப்பா. அந்தப் பொண்ணு உன்னைக் கூப்பிட்டிச்சா? எழுதிக் குடுன்னு கேட்டிச்சா? உண்மையைச் சொல்லு. அது கேட்டுச்சுன்னா உன் மேல தப்பில்லை. உன் தாளை எடுத்துக்குவேன்.”

அவளுக்கு ஒரு வழி விட்டதாக அவர் நினைத்திருக்கலாம். ஒரு பிள்ளையைக் காட்டிக்கொடுத்தால் இன்னொரு பிள்ளைக்குப் படிப்பு. இதுதான் அவர் விட்ட வழி.

பச்சையம்மா ஜரினாவைத் திரும்பிப் பார்த்தாள். ஜரினாவின் கண்ணெல்லாம் தண்ணீர். ‘ஆமாம்னு சொல்லு’ என்று உருதுவில் முணுமுணுத்தாள். அது எனக்குக்கூடப் புரிந்தது.

“அவ கேக்கல சார்,” என்றாள் பச்சையம்மா. “நாந்தான் போனேன். எனக்கு முடிஞ்சிருச்சு.”

“கேட்டீங்களா, அவளே ஒத்துக்கிட்டா!” என்றார் அதிகாரி. அதை அப்படியே எழுதிக்கொண்டார். ‘மாணவி தானே ஒப்புக்கொண்டாள்.’

ஒரு பிள்ளை உண்மையைச் சொன்னதை அந்தப் பிள்ளைக்கு எதிராகவே சாட்சியமாக எழுதிய பேனாவை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வந்த கோபத்துக்கு அதைப் பிடுங்கி ஜன்னல் வழியாக எறிந்திருக்க வேண்டும். எறியவில்லை. மேஜையைத் தட்டிச் சத்தம் போட்டேன். அவர்கள் பொழுது சாய்வதற்குள் இறங்க வேண்டுமென்று கிளம்பிவிட்டார்கள்.

முனியம்மாவின் கேள்வி

அன்று சாயங்காலம் முனியம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவள் புளியங்கொட்டை தட்டிக்கொண்டிருந்தாள்.

“எடம் கெடைக்காது முனியம்மா. தாளக் கேன்சல் பண்ணிட்டாங்க.”

“ஏன் டீச்சர், எழுதலியா?”

“எழுதிட்டா. எல்லாம் சரியா எழுதிட்டா. அப்பறம் ஜரினாவுக்கும் போய் எழுதிக் குடுத்தா.”

“சரி,” என்றாள் முனியம்மா. மேலே நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தாள். கையிலிருந்த கட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: “அப்பறம் இன்னா தப்பு பண்ணா?”

நான் அவளுக்கு விளக்கினேன். இரண்டு தடவை விளக்கினேன். அவளுக்குக் கடைசி வரை புரியவில்லை. விளக்க விளக்க எனக்கும் புரியாமல் போனது.

சத்தார் பாய் அதற்குள் கேள்விப்பட்டு ஓடி வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துப் பிசைந்துகொண்டு நின்றார். “எம்பொண்ணால உம்பொண்ணு படிப்பு போச்சே முனியம்மா.”

“உம்பொண்ணு இன்னா பண்ணுச்சு பாய்?” என்றாள் அவள். “வந்தவனுங்களுக்குப் புத்தி இல்ல.”

அந்த ஆராய்ச்சிக்கு அதைவிட நல்ல முடிவுரை யாரும் எழுத முடியாது.

பெரிய அலுவலகம்

மறுநாளே கீழே இறங்கினேன். பெரிய அலுவலகத்தில் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். மின்விசிறி என் தலைக்கு மேலே இல்லாமல் காலி நாற்காலிகளுக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்தது.

மேலதிகாரி நல்லவர் மாதிரிதான் பேசினார். நான் சாமைக் காட்டைச் சொன்னேன். பங்கைச் சொன்னேன். நடுவில் சந்திப்பதைச் சொன்னேன். பச்சையம்மாவை இங்கேயே கூட்டி வருகிறேன், உங்கள் முன்னால் தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள் என்று கெஞ்சினேன்.

“எல்லாம் சரிம்மா,” என்றார். “மாணவியே ஒத்துக்கிட்டான்னு இருக்கே. இதை நான் எப்படி மாத்தறது? அடுத்த வருஷம் எழுதட்டும்.”

“அடுத்த வருஷம் எழுதணும்னா அவ அஞ்சாங்கிளாஸ்ல இருக்கணும் சார். அவ பாஸ் பண்ணிட்டாளே.”

“அது உங்க கையிலதானே இருக்கு” என்று சொல்லிவிட்டு அவர் வேறு ஃபைலை எடுத்தார்.

என்ன சொன்னார் என்பது மலையேறும்போது பாதி வழியில்தான் எனக்கு உறைத்தது. பச்சையம்மா பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டுமானால் அவளை நான் ஃபெயில் ஆக்க வேண்டும். என் கையால், என் பள்ளிக்கூடத்திலேயே கெட்டிக்காரியான பிள்ளைக்கு எதிரே, ‘தேறவில்லை’ என்று எழுத வேண்டும். ஜரினாவுக்கும் அப்படியே.

எழுதினேன். அது தப்பு என்று யாராவது சொன்னால் சண்டைக்கு வருவேன். அந்தப் பிள்ளைகளுக்குத் திறந்திருந்த ஒரே கதவு அதுதான், அந்தக் கதவை அவ்வளவு கேவலமாகச் செய்து வைத்தது நானில்லை. முனியம்மா புருஷனிடம் சண்டை போட்டு இன்னொரு வருஷம் வாங்கினாள். எப்படி வாங்கினாள் என்று நான் கேட்கவில்லை. நெற்றியில் ஒரு வீக்கம் இருந்தது.

சார்ட்டும் சமோசாவும்

கொஞ்சம் முன்னால் தாவுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகள் முடிகிற சமயம். எனக்கு மாற்றல் கிடைத்து செங்கம் பக்கத்தில் வேலை. டீச்சர்களுக்கு ஒரு பயிற்சி வைத்தார்கள். கூடம் நிறைய ஆட்கள், சமோசா, டீ, சுவரில் வண்ண வண்ண சார்ட்டுகள்.

பயிற்சி கொடுக்க வந்த இளைஞர் உற்சாகமாகப் பேசினார். வகுப்பில் வேறு பாஷை பேசுகிற பிள்ளை இருந்தால், அந்தப் பாஷை தெரிந்த இன்னொரு பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள் என்றார். வீட்டு மொழி தடை இல்லை, அது ஏணி என்றார். முடித்த பிள்ளை முடிக்காத பிள்ளைக்கு உதவட்டும் என்றார். வெளிநாடுகளில் ஆராய்ச்சி செய்து கண்டுபிடித்திருக்கிறார்களாம்.

பக்கத்திலிருந்த டீச்சர்கள் எல்லோரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். நான் எழுதவில்லை.

எழுந்து நின்றேன். பச்சையம்மாவைப் பற்றிச் சொன்னேன். கடைசியில் கேட்டேன்: “இது சரின்னு இப்ப தெரிஞ்சுபோச்சு. அன்னைக்குத் தப்புன்னு எழுதினவங்க யாராவது மலைக்குப் போய் அந்தப் பொண்ணுகிட்ட சொன்னாங்களா? சொல்றதுக்கு ஏதாவது சர்க்குலர் இருக்கா?”

அந்த இளைஞருக்கு முகம் சிறுத்துவிட்டது. “மேடம், அது அந்தக் காலத்துப் பாலிசி” என்றார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை, அப்போது அவர் கால்சட்டைப் பையனாக இருந்திருப்பார். டீ வந்துவிட்டது. எல்லோரும் எழுந்து போனார்கள்.

பாலிசி மாறும்போது சார்ட் மாறுகிறது. பழைய பாலிசியில் அடிபட்ட பிள்ளைகளுக்கு ஒரு சமோசாகூடக் கிடையாது.

மறு வருஷம்

மலைக்குத் திரும்புகிறேன். அந்த மறு பரீட்சைக்கு முன்னால் பச்சையம்மாவை உட்கார வைத்துச் சொன்னேன்.

“இந்த ஒரு நாள் மட்டும், எது நடந்தாலும் ஒன் எடத்த வுட்டு எழக் கூடாது. முடிச்சாலும் அப்டியே குந்தியிரு. ஜரினா பக்கம் திரும்பாத. வாயத் தொறக்காத.”

“ஏன் டீச்சர்?”

“வர்றவங்களுக்கு அது புரியாது.”

“நாம சொல்லலாமே?”

“சொல்லிப் பாத்துட்டேன்.”

வகுப்பிலேயே பழக்கினேன். ஆரம்பத்தில் முடித்ததும் அவளை அறியாமல் பாதி எழுந்துவிடுவாள். நான் பார்ப்பேன். உட்காருவாள். ஜரினாவையும் பழக்கினேன். புரியாவிட்டால் பச்சையம்மாவைப் பார்க்கக் கூடாது, சுவரைப் பார் என்றேன். அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுத்தது எழுத்துச் சொல்லித்தர. அந்த ஒரு வருஷம் நான் சொல்லிக்கொடுத்தது இதைத்தான்.

இந்த முறை வந்தவர்கள் வேறு ஆட்கள். ஸ்டாப் வாட்ச் இல்லை. பிள்ளைகளைத் தள்ளித் தள்ளி உட்கார வைத்தார்கள். அதே தகரக் கூரை. அதே புளி வாசனை.

பச்சையம்மா முதலில் முடித்தாள். பென்சிலைக் கீழே வைத்தாள். ஜரினா ஏதோ ஒரு கணக்கில் மாட்டிக்கொண்டிருந்தாள். கேள்வியைத் திரும்பத் திரும்ப உதட்டால் படித்துப் பார்த்தாள். பிறகு, நான் சொன்னபடி, சுவரைப் பார்த்தாள்.

பச்சையம்மா இடது கையால் தன் வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஓடப்போகிற கன்றுக்குட்டியைப் பிடிப்பது மாதிரி பிடித்திருந்தாள். நேரம் முடிகிற வரைக்கும் விடவில்லை. தாளை வாங்கும்போது அதிகாரி அவள் தலையைத் தட்டிக்கொடுத்து, “மலைப் பொண்ணா இது? என்ன ஒழுக்கம்!” என்று என்னைப் பாராட்டினார்.

பச்சையம்மாவுக்கு இடம் கிடைத்தது. ஜரினாவுக்குக் கிடைக்கவில்லை. கடைசி இரண்டு கணக்கை அவள் தொடவே இல்லையாம். அவளுக்குக் கணக்குத் தெரியும். கேள்வியை ஒரு தடவை உருதுவில் யாராவது சொல்லியிருந்தால் போட்டிருப்பாள். சத்தார் பாய் அந்த வருஷமே வாணியம்பாடிக்குத் திரும்பிவிட்டார். பச்சையம்மா படித்தாள், நர்ஸ் வேலைக்குப் போனாள். நான் ஜெயித்துவிட்டேன் என்று நீங்கள் சொல்வீர்கள்.

அந்த இரண்டாவது பரீட்சை நாளில் அதிகாரிகள் இறங்கிப் போன பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஜரினா யாரிடமும் பேசாமல் வீட்டுக்கு ஓடிவிட்டாள். பச்சையம்மா மட்டும் வாசலிலேயே நின்றாள். மணிக்கட்டில் நாலு விரல் பதிந்து சிவந்திருந்தது.

“ஜரினாவுக்குக் கடைசி ரெண்டும் புரில டீச்சர். எனக்குத் தெரியும். நா போகல.”

“நல்ல பொண்ணு” என்றேன்.

அவள் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே நின்றாள்.

“கீழ இஸ்கூல்லயும் இப்டிதானா?”

“ஆமா.”

“தெனமுமா?”

நான் கதவைப் பூட்டப் போனேன்.

“அப்போ அங்க,” என்றாள் பச்சையம்மா, “யாருக்கு யாரு தொண, டீச்சர்?”